ஏற்கத்தக்க இழப்பு

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். பாதாம் பசையான மார்சிப்பான் பூசிய பெரிய கேக். மூன்று மணி நேரம் ஐம்பது நிமிடம் என்பதைக் குறிக்க அதன்மேல் சொக்லேட்டால் இலக்கங்கள் எழுதப்பட்டிருந்தன. செயற்பாட்டுப் பிரிவுத் தலைவன் ஜோனாஸ் அதை வரும் வழியில் வாங்கி, பனிச்சறுக்கலில் விழாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தான். முதல் துண்டைக் கம்சிகாவிடம்தான் நீட்டினான்.

"நீ எழுதிய திட்டம் வேலை செய்தது," என்றான் நோர்வேஜிய மொழியில். எல்லோரும் கை தட்டினார்கள். கம்சிகா சிரித்துக்கொண்டே தட்டை வாங்கிக்கொண்டாள்.

அந்த நிறுவனம், வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவசரப் பொத்தான் கொடுக்கிறது. கைக்கடிகாரம்போல மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். விழுந்தாலோ மூச்சு முட்டினாலோ அமத்தினால், வீட்டிலிருக்கும் சிறிய பெட்டி நிறுவனத்தின் மையத்தை அழைக்கும். அழைப்பது யார், எந்த மாடி, என்ன நோய், யாரிடம் சாவி இருக்கிறது என்பதெல்லாம் திரையில் வரும். ஒஸ்லோவின் கிழக்குப் பகுதியில் மட்டும் ஆறாயிரம் பேர் அந்தப் பொத்தானோடு வாழ்ந்தார்கள்.

அந்தத் திரை அணைந்துபோனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து எழுதிவைப்பதுதான் கம்சிகாவின் வேலை. நெருப்பு, வெள்ளம், மின்தடை, கணினிக் கொள்ளையர் என்று எது வந்தாலும் எந்த வேலை முதலில் எழுந்து நிற்க வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் எழ வேண்டும், அதற்கிடையில் எவ்வளவு தரவு போனால் தாங்கலாம் என்றெல்லாம் அட்டவணை போட்டு வைப்பாள். தொடர்செயற்பாட்டுத் திட்டம் என்று அதற்குப் பெயர். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். வருடத்துக்கு இரண்டு முறை மேசையைச் சுற்றி எல்லோரையும் உட்கார்த்தி, கற்பனையாக ஒரு பேரிடரை வரவழைத்து ஒத்திகை பார்ப்பாள். சிலர் அந்த நேரத்திலும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை அது கற்பனையாக இல்லை. காலை ஒன்பது பத்துக்குக் கணினி அறையின் மேலே ஓடிய குளிரூட்டிக் குழாய் வெடித்துத் தண்ணீர் நேரே இயந்திரங்களின் மேல் கொட்டியது. கம்சிகா எழுதியிருந்தபடியே எல்லாம் நடந்தது. அழைப்புகள் தொலைபேசிக்குத் திருப்பப்பட்டன. மையத்துப் பெண்கள் அச்சிட்ட பட்டியலை வைத்துப் பதில் சொன்னார்கள். நகரின் மறுபக்கத்தில் இதற்கென்றே வைத்திருந்த மாற்றுத் தளத்தில், கடைசியாக எடுத்த காப்புப் பிரதியை ஏற்றினார்கள். பகல் ஒரு மணிக்குத் திரைகள் மீண்டும் ஒளிர்ந்தன. நான்கு மணி நேரத்துக்குள் மீள வேண்டும் என்று இலக்கு. பத்து நிமிடம் மிச்சம் இருந்தது.

காப்புப் பிரதி தினமும் நண்பகலில் எடுக்கப்படுவது. ஆகவே திங்கள் நண்பகலிலிருந்து செவ்வாய் காலை வரை, இருபத்தொரு மணி நேரத்தில் பதிவானவை அழிந்துபோயின. அதற்கும் திட்டத்தில் ஒரு வரி இருந்தது: ஏற்கத்தக்க தரவு இழப்பு, இருபத்துநான்கு மணி நேரம். அந்த நேரத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை நகரசபை அனுப்பிய விண்ணப்பங்களிலிருந்து மறுபடி பதிய வேண்டும். மூன்று விண்ணப்பங்கள் இருந்தன. மூன்றையும் செவ்வாய் பின்னேரமே பதிந்து முடித்துக் கம்சிகா தன் பெயரை எழுதி ஒப்பமிட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணியளவில் ஜோனாஸ் அவளைச் சிறிய அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

"அறியாத கருவிகளின் பட்டியல் தெரியும்தானே?"

தெரியும். பதிவில் இல்லாத பெட்டி ஒன்று மையத்தை அழைத்தால் அது அந்தப் பட்டியலில் போய் விழும். களஞ்சியத்தில் சோதித்துப் பார்க்கும் பெட்டிகள், திருப்பிக் கொடுத்த பழைய பெட்டிகள் என்று நாளுக்கு ஐம்பது அறுபது விழும். அதனால் அதற்கு மணி அடிக்காது. வெள்ளிக்கிழமைகளில் ஒருவர் பார்ப்பார்.

"அதில் ஒன்று பதினொரு தரம் அழைத்திருக்கிறது," என்றான் ஜோனாஸ். "ஒரே வீடு. ட்வெய்ட்டா பகுதி."

நான்காவதாக ஒருவர் இருந்திருக்கிறார். விண்ணப்பம் காகிதத்தில் வரவில்லை. மனைவி அவசரமாக வெளியூர் போக வேண்டியிருந்ததால் நகரசபைத் தாதி தொலைபேசியில் சொல்லி, திங்கள் மூன்று மணிக்கே நிறுவனத்து ஆள் ஒருவன் போய்ப் பெட்டியைச் சுவரில் பூட்டிவிட்டு வந்திருக்கிறான். விவரத்தைக் கையிலிருந்த பலகைக் கணினியில் நேரே பதிந்தான். சோதனை அழைப்பு எடுத்துப் பார்த்தான். பச்சை விளக்கு எரிந்தது. மறுநாள் காலை தண்ணீர் கொட்டியபோது, அந்த மனிதர் அவ்விடத்தில் இருக்கிறார் என்பதற்கான ஒரே சாட்சியும் போய்விட்டது.

ஜோனாஸ் ஒரு தாளை மேசையில் தள்ளினான். கம்சிகா பெயரைப் பார்த்தாள். இரத்தினவேல். வயது அறுபத்தொன்பது.

"உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில். நேற்று மதியம்தான் கண்டெடுத்திருக்கிறார்கள்."

"முதல் அழைப்பு எப்போது?"

"புதன் காலை ஆறு ஐம்பத்திரண்டு."

கம்சிகாவுக்கு வாயில், அன்று பத்து மணிக்குத் தின்ற மார்சிப்பானின் இனிப்பு ஊறியது.

ஞாயிற்றுக்கிழமை அவர் இறந்துபோனார். அதை அவளுக்குச் சொன்னது அலுவலகம் அல்ல. திங்கள் மாலை ஸ்டோவ்னரிலுள்ள வீட்டில் கணவன் ரிசாந் கைபேசியைப் பார்த்தபடி சொன்னான்: "ட்வெய்ட்டாவிலை ஒரு ஐயா செத்துப்போனாராம். முந்தி ஹம்மர்பெஸ்டிலை மீன் பக்ரறியிலை வேலை செய்தவராம். பாத்ரூமுக்குள்ளை விழுந்து ஒரு நாளுக்கு மேலை கிடந்திருக்கிறார். கையிலை அந்த அலாரம் கட்டியிருந்ததாம், ஒருத்தரும் வரேல்லையாம். உங்கடை கொம்பனியோ?"

"ஓம்," என்றாள் கம்சிகா.

ரிசாந் கைபேசியைக் கீழே வைத்தான்.

"அந்த நம்பர் நான் போட்டது," என்றாள். "இருபத்துநாலு மணித்தியாலம். நான்தான்."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். இரண்டு வருடத்துக்கு முன்பு, அந்த வேலைக்கு வந்த புதிதில் நடந்த கூட்டம் அது. ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் ஒரு பிரதி எடுக்கலாம் என்று தொழில்நுட்பப் பெடியன் ஒருவன் சொன்னான். அதற்குப் பழைய தரவுத்தளத்தைக் கொஞ்சம் மாற்றி அமைக்க வேண்டும், இரண்டு கிழமை, பத்து வேலைநாள் பிடிக்கும். ஜோனாஸ் முகம் சுளித்தான். ஆட்கள் போதாத காலம். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எதற்கெடுத்தாலும் பயம் காட்டுகிறவள் என்று பெயர் எடுக்க அவள் விரும்பவில்லை. நாளுக்கு மூன்று நான்கு பேர்தான் புதிதாகச் சேருகிறார்கள், காகிதத்திலிருந்து பதிந்துகொள்ளலாம், இருபத்துநான்கு மணி நேரம் ஏற்கத்தக்கது என்று சொன்னாள். ஜோனாஸ் நிம்மதியாகத் தலையாட்டினான். நல்ல நடைமுறை அறிவு என்று பாராட்டினான். அன்று அவள் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தாள்.

"நீ மட்டுமில்லையே," என்றான் ரிசாந். "எத்தினை பேர் இருந்திருக்கினம். பெட்டி பூட்டின பெடியன் ஏன் பேப்பரிலை எழுதேல்லை?"

"பேப்பர் வேணும் எண்டு ஒரு இடத்திலையும் நான் எழுதேல்லை."

ரிசாந் எழுந்து சமையலறைக்குப் போனான். தேத்தண்ணீர் போட்டு வந்து வைத்தான். அது ஆறிப்போய்க் கிடந்தது.

இரத்தினவேலின் மனைவி சிவநாயகி கூட்டம் ஒன்று கேட்டாள். என்ன நடந்தது என்று தனக்கு நேரே சொல்ல வேண்டும் என்றாள். அவர் இறந்த மூன்றாவது கிழமை, ஒரு வியாழக்கிழமை முற்பகலில் ஏற்பாடு ஆயிற்று. நிறுவனத்தின் வழக்கறிஞர் முன்கூட்டியே ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கு வெளியே போகக் கூடாது, அழைப்புகளின் விவரம் பிறகு எழுத்தில் வரும் என்று சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பதிவு செய்திருந்தார்கள்.

"நீயும் வா," என்றான் ஜோனாஸ். "திட்டத்தைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சொல்லிக்கொடு. ஆனால் நோர்வேஜிய மொழியில் மட்டும் பேசு. மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போது குழப்பம் வேண்டாம்."

சிவநாயகி கறுப்பு மேலங்கியோடு வந்து உட்கார்ந்தாள். பனியில் வழுக்காமலிருக்கச் சப்பாத்தில் மாட்டியிருந்த ஆணிகளைக் கழற்ற மறந்திருந்தாள். நடந்தபோது மரத்தரையில் கிறீச்சென்று சத்தம் வந்தது. அவளோடு குடும்ப நண்பர் வரதராசா வந்திருந்தார். அன்று வியாழக்கிழமை மதியம் சிவநாயகி தொலைபேசியில் சொல்ல, சாவி போட்டு இரத்தினவேலின் வீட்டுக் கதவைத் திறந்தவர் அவர்தான். ஒரே மகள் யதுர்ஷா பேர்கன் நகரில், வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்த காயம் ஆறாமல் கிடந்தாள். அந்தப் பிரசவத்துக்கு உதவத்தான் சிவநாயகி அந்தச் செவ்வாய் காலை ரயில் ஏறியிருந்தாள்.

ஜோனாஸ் அனுதாபம் தெரிவித்தான். மேசை நடுவிலிருந்த தொலைபேசியிலிருந்து தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தியின் குரல் அதைத் தமிழில் சொன்னது. பிறகு ஜோனாஸ் தாளைப் பார்த்து வாசித்தான். குழாய் வெடித்தது, மாற்றுத் தளம், மீட்பு நேரம். குரல் ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து வந்தது.

"இந்த நிறுவனத்தோட திட்டத்துல, இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள வர்ற தரவு இழப்பை ஏற்றுக்கொள்ளத்தக்க இழப்புன்னு முடிவு செஞ்சிருக்காங்க. நடந்தது அந்த எல்லைக்குள்ளதான் இருந்துச்சு."

சிவநாயகி தொலைபேசியைப் பார்த்தாள். பிறகு வரதராசாவிடம் திரும்பினாள்.

"என்ன சொல்லுறா இவ? ஏற்றுக்கொள்ளத்தக்க இழப்போ? எங்கடை மனிசனையோ?"

"அம்மா, தரவு இழப்புன்னுதான் சொன்னாங்க. டேட்டா," என்றது குரல்.

"டேட்டா எண்டா என்ன?"

"பதிவும்மா. பேரு, முகவரி, அந்த மாதிரி விவரம்."

"ஆற்றை பேர்?"

குரல் சற்றுத் தயங்கியது. "உங்க வீட்டுக்காரர் பேருதாம்மா."

"அப்ப அவர்தானே."

இவ்வளவும் ஜோனாஸுக்கு விளங்கவில்லை. என்ன கேட்கிறார் என்று அவன் விசாரிக்கும் முன்பே சிவநாயகி கையை மேசையில் ஊன்றினாள். சத்தம் போடவில்லை. கடையில் விலை கேட்பதுபோல மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஆர் ஏற்றுக்கொண்டது? என்னைக் கேட்டவையோ, அவரைக் கேட்டவையோ? ஆர் ஏற்றுக்கொண்டது எண்டு எனக்குச் சொல்லச் சொல்லுங்கோ."

மொழிபெயர்ப்பாளர் அதை நோர்வேஜிய மொழியில் சொன்னாள். ஜோனாஸ் தாளைப் புரட்டினான். "நிறுவனம் என்ற வகையில்..." என்று தொடங்கினான்.

"நான்தான் அன்ரி," என்றாள் கம்சிகா.

தமிழில் சொன்னாள். தொலைபேசிக் குரல் தன் கடமையைச் செய்தது. 'நான்தான்' என்பதை அது ஜோனாஸுக்காக நோர்வேஜிய மொழியில் திருப்பிச் சொன்னது.

சிவநாயகி அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். "நீங்கள் தமிழோ?"

"ஓம். கம்சிகா எண்டு பேர். அந்தத் திட்டத்தை எழுதினது நான். ஒரு நாளிலை பதியிற ஆக்கள் அழிஞ்சு போனால் பறவாயில்லை, பிறகு பதியலாம் எண்டு நான்தான் சொன்னனான். பிறகு பதியேக்கை உங்கடை வீட்டை விட்டிட்டன். மூண்டு பேர் எண்டு நினைச்சன். நாலு பேர்."

ஜோனாஸ் அவள் பெயரை ஒருமுறை கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

வரதராசாவின் முகம் சிவந்தது. "கொஞ்சமும் யோசிக்கேல்லையோ நீங்கள்? வயது போன சனத்தின்றை உயிர் இது," என்றார். சிவநாயகி அவர் கையைத் தொட்டு அடக்கினாள்.

"எத்தினைதரம் அமத்தினவர்?" என்று கேட்டாள்.

அதைச் சொல்லக் கூடாது. வழக்கறிஞரின் தாளில் கடைசி வரி அதுதான். கம்சிகாவுக்கு அந்த நேரங்கள் எல்லாம் மனப்பாடமாகியிருந்தன.

"பதினொரு தரம். புதன் காலமை ஆறு ஐம்பத்திரண்டுக்கு முதல். பிறகு ஏழு மணிக்குள்ளை இரண்டு. எட்டரைக்கு ஒண்டு. அதுக்குப் பிறகு பகல் முழுக்க ஆறு. கடைசி, பின்னேரம் நாலு இருபது."

"அதுக்குப் பிறகு இல்லையோ?"

"இல்லை அன்ரி."

சிவநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். விரலால் மேசையில் ஏதோ எண்ணுவதுபோல இருந்தது.

"பெட்டி பூட்ட வந்த பெடியன் அமத்திக் காட்டினவன்," என்றாள். "அமத்தினவுடனை அது நொஸ்க் பாசையிலை ஏதோ கதைச்சது. நான் என்னெண்டு கேட்டன். உங்கடை அழைப்பு வந்திட்டுது, பொறுங்கோ, ஆள் வரும் எண்டு சொல்லுது எண்டான். இவர் சிரிச்சார். மனிசியை விட நல்லாப் பதில் சொல்லுது எண்டார்." நிமிர்ந்து பார்த்தாள். "அண்டைக்கும் அது அப்பிடிச் சொல்லியிருக்குமோ?"

கம்சிகா இதையும் அறிவாள். அந்தச் செய்தி பெட்டிக்குள்ளேயே இருப்பது. மையத்தில் யாராவது எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது சொல்லும்.

"சொல்லியிருக்கும்."

"ஒவ்வொரு தரமுமோ?"

"ஓம்."

"அப்ப அவர் பாத்துக்கொண்டு கிடந்திருப்பார்," என்றாள் சிவநாயகி. "சொன்னாச் சொன்னபடி கேக்கிற மனிசன். பொறு எண்டா பொறுத்திருப்பார். கத்தியிருந்தாப் பக்கத்து வீட்டுக்காரராவது கேட்டிருப்பினம்."

தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டாள். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொல்லி முடித்தாள். ஜோனாஸ் கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தான்.

"புதன்கிழமை நான் நாலுதரம் ரெலிபோன் எடுத்தன்," என்று சிவநாயகி தொடர்ந்தாள். இப்போது அவள் கம்சிகாவிடம் மட்டும் பேசினாள். "எடுக்கேல்லை. மகளுக்கு அண்டைக்குத்தான் ஒப்பரேசன். எனக்கு நெஞ்சு இடிச்சதுதான். ஆனா நான் என்ன நினைச்சன் தெரியுமோ? ஏதும் நடந்தா அவர் பொத்தானை அமத்துவார். அமத்தினா அவை எனக்கு அடிப்பினம். அடிக்கேல்லை, அப்ப ஒண்டும் இல்லை. ரெலிபோனைச் சார்ச்சிலை போடாமல் நித்திரையாக்கும் எண்டு நினைச்சன். பொத்தான் இல்லாட்டி அண்டைக்கே வரதண்ணையை அனுப்பியிருப்பன். பொத்தான் இருந்தபடியாத்தான் விட்டனான்."

கம்சிகாவின் நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் இது இல்லை. சேவை நின்றுபோனால் என்ன ஆகும் என்று அவள் ஒவ்வொரு வரியாக யோசித்திருக்கிறாள். நிற்கவில்லை என்று நம்பி ஒருவர் கதவைத் தட்டாமல் இருப்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி," என்றாள். சொன்னவுடனேயே அந்தச் சொல் எவ்வளவு சிறிது என்று தெரிந்தது.

சிவநாயகி எழுந்து மேலங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கதவடியில் நின்று, "உண்மையைச் சொன்னதுக்கு நன்றி, பிள்ளை," என்று மட்டும் சொன்னாள். குரலில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை. ஆணிச் சப்பாத்தின் சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டது.

ஜோனாஸ் கம்சிகாவைத் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். "இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்," என்றான். "நீ அதைச் சொல்லியிருக்கலாம்."

"யார் ஏற்றுக்கொண்டது என்றுதான் அந்த அம்மா கேட்டார். யார் தலையாட்டியது என்று கேட்கவில்லை," என்று கம்சிகா நோர்வேஜிய மொழியில் சொன்னாள். சொல்லிவிட்டு, அது நியாயமில்லை என்றும் நினைத்தாள்.

வழக்கறிஞர் கடுமையான கடிதம் ஒன்று எழுதினார். ஆனால் வேலை போகவில்லை. சம்பவம் அரசின் மேற்பார்வை அலுவலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. தனிநபர் யாருடைய குற்றமும் அல்ல, முறைமையின் குறைபாடு என்று நிறுவனம் எழுதியது. தரவுத்தளத்தை மாற்றி அமைக்கும் வேலை உடனே தொடங்கியது. இரண்டு கிழமைகூட எடுக்கவில்லை. ஒன்பது வேலைநாளில் முடிந்தது. இப்போது கால் மணி நேரத்துக்கு ஒரு பிரதி எடுக்கப்படுகிறது. அறியாத கருவி அழைத்தால் மணி அடிக்கிறது. மையம் எடுக்கும்வரை பெட்டி வாய் திறப்பதில்லை.

திட்டத்தில் அந்த வரியைத் திருத்தும் பொறுப்பு கம்சிகாவுக்கு வந்தது. இருபத்துநான்கு மணி நேரத்தை அழித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் என்று எழுதினாள். பக்கத்திலிருந்த 'ஏற்கத்தக்க' என்ற சொல்லின்மேல் சுட்டியை வைத்துக்கொண்டு ஒரு காலை முழுக்க இருந்தாள். அது உலகம் முழுவதும் வழங்கும் சொல், மாற்றினால் தணிக்கைக்காரர்களுக்குப் புரியாது என்றார்கள். விட்டுவிட்டாள்.

இறந்து ஒரு மாதம் கழித்துச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வரலாமா என்று வரதராசாவிடம் தொலைபேசியில் கேட்டாள். இரண்டு நாள் கழித்து அவர் திருப்பி எடுத்தார். குரல் தணிந்திருந்தது.

"சிவநாயகியைக் கேட்டனான் பிள்ளை. வரவேண்டாம் எண்டு சொல்லச் சொன்னவ. கோவத்திலை இல்லை. உம்மைப் பாத்தா அந்த நேரங்கள்தான் ஞாபகம் வருமாம். ஆறு ஐம்பத்திரண்டு, நாலு இருபது எண்டு. நித்திரையிலையும் சொல்லுறாவாம்."

"சரி அங்கிள்."

"நீர் சொல்லாமல் விட்டிருந்தாலும் அவ கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பா. அதுகும் ஒரு வேதனைதான். எது நல்லதெண்டு எனக்குத் தெரியேல்லை," என்றுவிட்டு வைத்துவிட்டார்.

அந்தியேட்டி சனிக்கிழமை வந்தது. வெளியே பனி கரைந்து, குளிர்காலம் முழுக்கத் தெருவில் கொட்டிய சரளைக்கல் அழுக்காகத் தெரிந்தது. கம்சிகா காலையிலேயே எழுந்து குளித்தாள். ரிசாந் முதல் நாள் வாங்கி வைத்திருந்த மீனை எடுத்து உறைபெட்டியில் போட்டாள். பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் பூசணிக்காயும் சமைத்தாள். அவள் சனிக்கிழமை விரதம் பிடிக்கிறவள் அல்ல.

ரிசாந் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சட்டிகளைத் திறந்து பார்த்தான். "இண்டைக்கு என்ன, மரக்கறியோ?"

"ஓம்," என்றாள். "சாப்பிடுங்கோ."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவளுக்கும் சேர்த்துச் சோற்றைப் போட்டான்.